பல்பு வாங்கிய கதை

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டரைப் பார்க்கப் போனபோது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. மயக்க மருந்து ஒத்துக்கொள்ளுமா, தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும், எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாமா என்று மொத்தம் 14 கேள்விகள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான்; எதற்கும் வரிசை எண் போட்டால்தான் மனம் அடங்கும். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் எழுந்துகொள்ளும்போது, "அக்குள்ல ஒரு ட்ரெயின் வச்சிருப்போம், ரெண்டு வாரத்துல எடுத்துடலாம்" என்று சேர்த்துச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த 14 பதில்களில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. பட்டியலில் இல்லாத அந்த ட்ரெயினோடுதான், அதாவது காயத்து நீரை வெளியே வடிக்கும் குழாயோடுதான், 19 நாள் குடித்தனம் நடத்தினேன்.

எனக்கு இடது மார்பில் கட்டி. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் அங்கேயும் புற்று வந்திருந்தது தெரிந்தது. அதனால் நெறி கட்டும் அந்த நிணநீர்க் கணுக்களில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிக்கும் சின்ன வேலையோடு முடியவில்லை. அக்குளில் இருக்கும் கொழுப்போடு சேர்த்துக் கணுக்களை மொத்தமாக எடுத்தார்கள். பிறகு வந்த ரிப்போர்ட்டில் 17 கணுக்கள், அவற்றில் 3-ல் புற்று என்று இருந்தது. அது வேறு கதை, அதை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது குழாயைப் பற்றி.

முதலில் அந்தக் குழாய் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. தையல் போட்டு மூடியாயிற்று, அப்புறம் எதற்கு ஓட்டை? வார்டில் இருந்த சிஸ்டர் ஒருவர்தான் விளக்கினார். கையிலிருந்து வரும் நிணநீர் எல்லாம் சின்னச் சின்ன வாய்க்கால்கள் வழியாக அக்குளுக்கு வந்து, கணுக்களைக் கடந்து, மேலே போய் ரத்தத்தில் கலக்கிறது. கணுக்களை எடுக்கும்போது அந்த வாய்க்கால்களும் அறுபடுகின்றன. தண்ணீர் நின்றுவிடுமா? வாய்க்கால் வெட்டுப்பட்டது தண்ணீருக்குத் தெரியாது, அது வந்துகொண்டேதான் இருக்கும். போதாததற்கு, வெட்டிய இடம் ஆறும்போது கசியும் நீர் வேறு. கொழுப்பை எடுத்த இடமும் காலியாக இருக்கிறது, எல்லாம் அங்கே போய்த் தேங்கும். தேங்கினால் மேல்தோல் உள்ளே இருக்கும் தசையோடு ஒட்டாது. ஒட்டாவிட்டால் இன்னும் தேங்க இடம் கிடைக்கும். குழாய் அந்த நீரை இழுத்து வெளியே விடுகிறது, தோலையும் உள்ளே இழுத்து ஒட்டவைக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டும்போது அடியில் மாட்டிய காற்றை விரலால் வழித்துவிடுவோமே, அந்த வேலைதான்.

சாதனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உடம்புக்குள் இருக்கும் பகுதியில் ஓட்டைகள் போட்ட மெல்லிய குழாய். அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, விலாப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை வழியாக அது வெளியே வரும். நழுவாமல் இருக்கத் தோலோடு ஒரு தையல். மறுமுனையில் கைக்குள் அடங்கும் சிலிக்கான் பல்பு, 100 மில்லி பிடிக்கும். மூடியைத் திறந்து, பல்பைத் தட்டையாக அமுக்கி, அமுக்கியபடியே மூடியை மூட வேண்டும். பல்பு பழைய உருவத்துக்கு வரப் பார்க்கும். அந்த இழுவையில்தான் நீர் வருகிறது. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. (பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில், இன்னொருவருக்கு ஆர்மோனியப் பெட்டிபோல மடிப்பு மடிப்பாக ஒன்று. உருவம்தான் வேறு, வேலை ஒன்றே.)

கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது அந்தப் பல்பைத்தான். உள்ளே சுத்தமான சிவப்பு. என்னவோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்துபோனேன். முதல் நாள் அப்படித்தான் இருக்குமாம். மூன்றாம் நாள் ரோஸ் நிறத்துக்கு வந்தது, இரண்டாவது வாரத்தில் வைக்கோல் நிறம். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் முதல் ராத்திரி கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள், குழாயோடு. என் கணவருக்கு ரத்தம் ஆகாது. நல்ல மனிதர், ராத்திரி முழுக்க விழித்திருப்பார், எதையும் தூக்கிச் சுமப்பார்; ஆனால் அந்தப் பல்பைக் கையில் எடுத்ததும் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் தெளிக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. சரி, இது நடக்காது என்று அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஒரு பையோடும் எட்டு வயது மகனோடும் வந்து இறங்கினாள். வந்த அன்றே அவன் ஹாலில் உட்கார்ந்து, "சித்தி, ட்ரெயின் எப்போ போகும்?" என்று கேட்டான். பெரியவர்கள் போனில் ட்ரெயின், ட்ரெயின் என்று பேசியதைக் கேட்டு, நான் எங்கோ ஊருக்குக் கிளம்புகிறேன் என்று நினைத்திருக்கிறான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலை 7 மணி, இரவு 7 மணி இரண்டும் "ட்ரெயின் டைம்" ஆகிவிட்டது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சிஸ்டர் செய்து காட்டினார். நான் கவனமாகப் பார்த்தேன், புரிந்தமாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து கையில் எடுத்தால் ஒன்றும் ஓடவில்லை. முதல் தடவை அக்கா மூடியை மூடிவிட்டு அப்புறம் அமுக்கினாள். அமுங்கவே இல்லை. "என்னடி இது, பீஸ் போன பல்பா கொடுத்து அனுப்பிட்டாங்க?" என்றாள். வரிசை மாறியதுதான் கோளாறு. அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இது: வார்டை விட்டு வெளியே வருவதற்குள், சிஸ்டர் பார்க்க, உங்கள் கையால் ஒரு தடவையாவது காலி செய்து, அமுக்கி, மூடிவிட்டு வாருங்கள். வீட்டில் உங்களுக்கு உதவப்போகிறவரையும் ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் முறை இப்படி அமைந்தது. இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். மேசைமேல் ஒரு துண்டு, அதன்மேல் அளவுக் குவளை. அக்கா மூடியைத் திறப்பாள். 'புஸ்' என்று காற்று உள்ளே போகும், பல்பு உப்பும். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. பல்பைக் கவிழ்த்துக் குவளையில் கடைசிச் சொட்டு வரை ஊற்றுவாள். குவளையை மேசையில் வைத்து, குனிந்து, கண்ணுக்கு நேராக அளவைப் பார்ப்பாள். பல்பின்மேலேயே கோடுகள் இருக்கின்றன, ஆனால் அமுங்கிக் கிடக்கும் பல்பில் அந்தக் கோட்டை நம்பி எழுதினால் கணக்கு உதைக்கும். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் வாயைத் துடைத்து, பல்பை மடித்து அமுக்கி, அமுக்கிய கை விடாமல் மூடியைச் செருகுவாள். நீரைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுவாள், மறுபடி கை கழுவுவாள். ஐந்து நிமிட வேலை. முதல் நாள் அரை மணி நேரம் ஆனது, இருவருக்கும் வேர்த்துவிட்டது.

நான் நோட்டில் எழுதுவேன். மூன்று கட்டம்: நேரம், மில்லி, நிறம்.

மீதி 23 மணி ஐம்பது நிமிடம் அந்தப் பல்பை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான தலைவலி. பல்பின் கழுத்தில் ஒரு சின்னக் காது இருக்கிறது, அதில் ஊக்கு மாட்டிச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். காயத்தைவிடக் கீழே தொங்க வேண்டும். நான் கணவரின் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டேன். முன்னால் பட்டன், தொளதொளவென்று இருக்கும், கையைத் தூக்காமல் மாட்டலாம். ஊக்கைச் சட்டையின் வெளிப்பக்கம் குத்தியதுதான் தப்பு. ஐந்தாம் நாள் அறையிலிருந்து வெளியே வரும்போது குழாய் கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. நான் ஓரடி முன்னால், பல்பு ஓரடி பின்னால். தையல் போட்ட இடத்தில் சுரீர் என்று ஒரு இழுப்பு, கண்ணில் பொறி பறந்தது. நல்லவேளை, தையல் அறுந்துபோகவில்லை. அன்றிலிருந்து பல்பு சட்டைக்கு உள்ளேதான், குழாயும் தொங்காமல் ஒரு சுற்று சுற்றி உள்ளேயே. இன்னொன்று, ஊக்கைச் சட்டையில் குத்தியிருக்கிறோம் என்பதை மறந்து சட்டையைக் கழற்றுவது. நான் மூன்று தடவை மறந்தேன். சட்டையில் கை வைத்தாலே அக்கா "ஏய், ட்ரெயின்!" என்று அலறுவாள்.

குளிக்க அனுமதி கிடைத்ததும் அடுத்த பிரச்சினை, உடம்பில் ஊக்குக் குத்த முடியாதே. அக்கா ஒரு அகலமான பருத்தி நாடாவைக் கழுத்தில் மாலைபோலப் போட்டு, அதில் பல்பை ஊக்கால் மாட்டிவிட்டாள். அதோடு நின்று குளிக்கலாம். தொட்டியில் முங்குவது, நீச்சல் எல்லாம் குழாய் இருக்கும்வரை கூடாது. தூக்கம்தான் கடைசிவரை சரிப்படவில்லை. மல்லாந்து படுக்க எனக்குப் பழக்கம் இல்லை. கையின் கீழ் ஒரு தலையணை, முதுகுக்கு இரண்டு என்று கோட்டை கட்டிக்கொண்டு படுப்பேன். பாதி ராத்திரியில் பல்பு முதுகுக்கு அடியில் போயிருக்கும்.

இனி எண்களுக்கு வருகிறேன். என் டாக்டர் சொன்ன விதி: 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் குழாயை எடுக்கலாம். வேறு சிலர் 20 என்பார்கள், சிலர் 50 வரைகூட விடுவார்கள். அவரவர் டாக்டர் சொல்வதுதான் அவரவர் கணக்கு. எனக்கு 30. அந்த 30 என் மண்டையில் பாஸ் மார்க் மாதிரி உட்கார்ந்துவிட்டது, இங்கே குறைவாக வாங்கினால்தான் பாஸ். நான்காம் நாள் 98. ஐந்தாம் நாள் 92. ஆறாம் நாள் 84. ஏழாம் நாள் 76. ஒரு கோடு போட்டால் எந்தத் தேதியில் 30-ஐத் தொடும் என்று நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வேலைப் புத்தி எங்கே போகும்?

எட்டாம் நாள் காலை, 8 மில்லி.

அக்கா இரண்டு முறை குனிந்து பார்த்தாள். எட்டுதான். எனக்கு ஒரே குஷி. கணவரை எழுப்பிச் சொன்னேன். அன்று மாலை 4 மில்லி. மொத்தம் 12! "நாளைக்கும் இப்படியே வந்தா எடுத்துடுவாங்க" என்று நான் எல்லோருக்கும் போன் போட்டேன். என் உடம்பு மற்றவர்கள் உடம்பைவிடச் சீக்கிரம் ஆறுகிறது என்ற பெருமை வேறு. சாய்வு நாற்காலியில் ராணிபோல உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி 11 மணிக்குப் புரண்டபோது சட்டை ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தேன். விளக்கைப் போட்டால், குழாய் வெளியே வரும் இடத்தில் கட்டு முழுக்க நனைந்து, சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் சிவப்பும் கலந்த வட்டம். அக்குள் பக்கம் தொட்டால் காலையில் இல்லாத ஒரு திம்மென்ற வீக்கம்.

கொடுத்திருந்த இரவு எண்ணுக்குப் போன் போட்டோம். எடுத்த சிஸ்டர் பதறவில்லை, வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா, 38 டிகிரிக்கு மேல் போயிருக்கிறதா? தோல் சிவந்து பரவுகிறதா, தொட்டால் சுடுகிறதா? சீழ்போலக் கலங்கலாக, நாற்றத்தோடு வருகிறதா? திடீரென்று புது ரத்தமாக வந்து பல்பு நிரம்பியதா? தையல் அறுந்து குழாய் வெளியே நழுவியிருக்கிறதா? இவற்றில் எதற்காவது 'ஆமாம்' என்றால் உடனே கிளம்பி வரச் சொல்லியிருப்பார் என்று பிறகு தெரிந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். கடைசியாக, "இன்னைக்கு எவ்வளவு வந்துச்சு?" என்றார். நான் பெருமை கொஞ்சமும் குறையாமல் "12" என்றேன். "நேத்து?" "76."

அந்தப் பக்கம் ஒரு விநாடி மௌனம். "76-லருந்து 12-க்கு யாருக்கும் இறங்காதும்மா. ட்யூப் அடைச்சிருக்கு. உருவிவிட்டீங்களா?"

உருவுவதா? டிஸ்சார்ஜ் அன்று சிஸ்டர் அதையும் காட்டியிருந்தார், தினம் இரண்டு வேளை என்று தாளில்கூட அச்சடித்திருந்தது. முதல் இரண்டு நாள் செய்தோம். வலிக்குமோ என்ற பயத்தில் நான்தான் அக்காவை வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன்.

அக்கா விளக்கைக் கிட்டே இழுத்தாள். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். தோலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கண்ணாடிபோல இருக்க வேண்டிய குழாய்க்குள் கருஞ்சிவப்பில் ஒரு திரி. சுண்டுவிரல் நீளம் இருக்கும். ஒரு முனை கெட்டியாக, மறுமுனை நூல் நூலாகப் பிரிந்து, மெழுகுவர்த்தியிலிருந்து உருவிய திரி மாதிரி. அது அசையவே இல்லை. அதற்கு மேல்பக்கம் நீர் முட்டிக்கொண்டு நின்றது, கீழ்ப்பக்கம் குழாய் காலி.

சிஸ்டர் போனில் சொல்லச் சொல்ல அக்கா செய்தாள். இடது கை விரல்களால் தோலுக்குப் பக்கத்தில் குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கைதான் முக்கியம், இது பிடித்திருந்தால் இழுப்பு தையலுக்குப் போகாது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் குழாயை நசுக்கியபடி பல்பை நோக்கி மெதுவாக வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வெறும் விரல் வழுக்காது, ரப்பரில் ரப்பர் தேய்ப்பதுபோல மாட்டும். ஸ்பிரிட் பஞ்சை விரலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் தடவை திரி அசையவில்லை. இரண்டாவது தடவை அரை விரற்கடை நகர்ந்தது. மூன்றாவதில் எனக்குள்ளே யாரோ நூலைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காவது தடவை திரி சட்டென்று வழுக்கி, குழாய் நெடுக ஓடிப் பல்புக்குள் விழுந்தது. அதன் பின்னாலேயே நீர் சரசரவென்று வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பல்பு உப்பிக்கொண்டே வந்தது. 70 மில்லி.

"பல்பு வாங்கிட்டியேடி" என்றாள் அக்கா. நள்ளிரவில், ஈரச் சட்டையோடு, தையலைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதுதான் அந்த 19 நாளில் மிகவும் வலித்தது.

கட்டு நனைந்ததன் காரணத்தையும் சிஸ்டர் சொன்னார். குழாய் அடைபட்டால் நீர் குழாயின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு துளை வழியாகக் கசியும். இதேபோல, அமுக்கி மூடிய பல்பு ஐந்து நிமிடத்தில் வெறும் காற்றாக உப்பினால் எங்கோ காற்று நுழைகிறது: மூடி சரியாக மூடவில்லை, அல்லது உள்ளே இருக்க வேண்டிய ஓட்டை ஒன்று வெளியே நழுவிவிட்டது. மூடியைச் சரிபார்த்தும் அப்படியே இருந்தால் போன் போட வேண்டும், நாமே குழாயை உள்ளே தள்ளக்கூடாது. உருவுவதையும் எல்லா டாக்டர்களும் சொல்வதில்லை, சிலர் வேண்டாம் என்பார்கள். உங்களுக்கு எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்லியிருந்தார்கள், நான்தான் செய்யவில்லை.

மறுநாள் நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டேன்: 'உருவியது'.

ஒன்பதாம் நாள் 74, பத்தாம் நாள் 66. கோடு பழைய பாதைக்கு வந்துவிட்டது. எட்டாம் நாளின் 12-ஐ அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் 82 என்று திருத்தி எழுதினேன். எட்டு, நாலு, எழுபது. கட்டுத் துணியில் கசிந்து போனது கணக்கில் வராது.

உடற்பயிற்சியிலும் நான் ஒரு திருட்டுத்தனம் செய்து பார்த்தேன். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டால் நீர் குறையும் என்று நானே முடிவு செய்து, ஒரு நாள் முழுக்கக் கையை மடியில் வைத்துக்கொண்டு சிலைபோல இருந்தேன். நீர் குறைந்ததோ இல்லையோ, தோள் மரக்கட்டை ஆகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் வந்து திட்டினார். குழாய் இருக்கும்போதும் விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், முழங்கையை மடக்க வேண்டும், தலை வாரலாம், அந்தக் கையாலேயே சின்ன வேலைகளைச் செய்யலாம். தோள் உயரத்துக்கு மேல் தூக்குவது, பாரம் தூக்குவது, இழுப்பது, தள்ளுவது இவைதான் குழாய் எடுக்கும்வரை வேண்டாம் என்றார். உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். பதினோராம் நாள், யாரும் இல்லாத நேரத்தில், மேல் அலமாரியில் இருந்த பெட்டியை இறக்கினேன். பன்னிரண்டாம் நாள் 95 மில்லி, நிறமும் மறுபடி ரோஸ். அக்கா நோட்டைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இதற்கு நடுவில் மேற்கையின் உள்பக்கம் மரத்துப்போயிருந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். அக்குள் வழியாகக் கைக்குப் போகும் ஒரு தொடு உணர்ச்சி நரம்பு, கணுக்களை எடுக்கும்போது இழுபடும், சில நேரம் அறுபடும். தொட்டால் வேறு யாருடைய கையையோ தொடுவதுபோல இருக்கும். சில நேரம் எறும்பு ஊர்வதுபோல. எனக்கு அதில் பாதி இன்னும் இருக்கிறது. சுடுதண்ணீர் பட்டால் அங்கே தெரியாது, அதனால் சூட்டை மறுகையால்தான் பார்க்கிறேன். அக்குளில் ரேசர் வைப்பதையும் விட்டுவிட்டேன். உணர்ச்சி இல்லாத இடத்தில் வெட்டுப்பட்டால் தெரியவே தெரியாது.

62, 50, 41, 36. பதினேழாம் நாள் 29. பதினெட்டாம் நாள் 26. இந்த முறை குஷிப்படவில்லை. அக்கா இரண்டு வேளையும் உருவிவிட்டு, குழாயை வெளிச்சத்தில் பார்த்து, திரி எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் எழுதினேன். நிறம், வைக்கோல். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் குழாயை வைத்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. வெளியிலிருந்து உள்ளே போகிற வழி அது, நாளாக ஆகக் கிருமி போகும் வாய்ப்பும் கூடும். அதனால் எண் இறங்காவிட்டாலும் ஒரு கட்டத்தில் எடுத்துவிடுவார்கள்.

எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தையலை வெட்டினார்கள். மூடியைத் திறந்து இழுவையை விட்டார்கள். "மூச்சை இழுத்து விடுங்க" என்றார் சிஸ்டர். நான் விடும்போது அவர் இழுத்தார். உள்ளே இவ்வளவு நீளம் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது, மந்திரவாதி வாயிலிருந்து ரிப்பன் வருகிற மாதிரி. விலாப்பக்கம் ஒரு நெருப்புக் கோடு ஓடியது, ஓடி அணைந்துவிட்டது. துளைக்குத் தையல் கிடையாது, மேலே ஒரு பஞ்சு, பிளாஸ்டர், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாள் கசிந்துவிட்டுத் தானே மூடிக்கொண்டது.

அத்தோடு முடிந்தது என்று அக்கா மூட்டை கட்டினாள். ஐந்தாவது நாள் நான் நடந்தால் அக்குளில் 'களக் களக்' என்றது. நிஜமாகவே சத்தம். வெந்நீர்ப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. குழாய் போன பிறகு நீர் கோத்துக்கொள்வது சகஜமாம். சீரோமா என்று பெயர். சின்னதாக இருந்தால் விட்டுவிடுவார்கள், சில வாரங்களில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். என்னுடையது இறுக்கமாக, கையைக் கீழே போட முடியாதபடி இருந்ததால் ஊசி போட்டு இழுத்தார்கள். ஊசிக்குப் பயந்து கண்ணை மூடினேன். "முடிஞ்சுது" என்றபோதுதான் ஆரம்பித்ததே தெரிந்தது. தோல் மரத்திருப்பதில் அப்படி ஒரு லாபம். 110 மில்லி. அடுத்த வாரம் 60. அதற்கடுத்த வாரம் 25. நான்காவது வாரம் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஊசி எதுக்கு, விடுங்க" என்றார். ஒவ்வொரு தடவை ஊசி போடும்போதும் கிருமி போகிற அபாயம் கொஞ்சம் உண்டு என்பதால், தேவை இல்லாமல் இழுக்க மாட்டார்களாம். இந்த எண்களையும் நோட்டில் எழுதினேன், நான்காவது கட்டத்தில் 'ஊசி' என்று.

கை வீக்கம் பற்றி ஒரு வார்த்தை, இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள் என்பதால். கணுக்களை எடுத்த கையில் நிணநீர் தேங்கி வீங்கும் வாய்ப்பு பல வருடம் கழித்தும் உண்டு. இதுவரை எனக்கு வரவில்லை. மோதிரம் இறுகுகிறதா, சட்டைக் கை பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். கீறல் பட்டால் உடனே கழுவி மருந்து போடுகிறேன். கை திடீரென்று சிவந்து சுட்டால் காத்திருக்காமல் போகச் சொல்லியிருக்கிறார்கள். இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

போன வாரம் உடன் வேலை பார்க்கும் ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். அவள் அம்மாவுக்கு இதே அறுவை சிகிச்சை, அடுத்த மாதம். "என்ன கேட்கணும்னே தெரியல அக்கா" என்றாள். இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, எழுதாத ஒரு பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கிழித்துக் கொடுத்தேன். நேரம், மில்லி, நிறம், உருவியது.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முதல் மூணும் புரியுது. நாலாவது எதுக்கு அக்கா?"

"நாற்காலியை இழுத்துப் போடு" என்றேன்.